சுவருக்கு அந்தப் பக்கம் ஆம்ப்ளிபயர்

உள்ள வாங்க தம்பி. ரிக்கார்டு பிளேயர் பாக்கத்தான வந்திருக்கிய? ரேடியோ கடைக்காரர் ஞானதுரை போன்ல சொன்னாரு, தூத்துக்குடியில இருந்து ஒரு தம்பி வருதாருன்னு. உக்காருங்க. செம்பகம், தம்பிக்குத் தண்ணி கொண்டா. என் வீட்டுக்காரி. முட்டுவலி, பையத்தான் வருவா.

இந்தா, இதுதான் சாமான். தொட்டுப் பாருங்க, ஒண்ணும் ஆவாது. மூடி கொஞ்சம் மங்கிட்டு. மத்தபடி ஒரு கீறல் கெடையாது. பெல்ட் மாத்தி ஆறு மாசந்தான் ஆவுது. ஊசி புதுசு. எங்க அப்பா எழுவத்தி மூணுல மெட்ராசுல இருந்து ரயில்ல மடியில வச்சுக் கொண்டாந்தது.

என்ன கேட்டிய? கம்ப்யூட்டர் ஸ்பீக்கர்ல மாட்டலாமான்னா? ஹெட்போன் போட்டுக் கேக்க முடியுமான்னா?

ஏன் தம்பி, வந்ததும் வராததுமா இந்தக் கேள்விதான் கேக்கணுமா? சரி, உங்க மேல என்ன தப்பு. ஞானதுரை சொல்லியிருக்க மாட்டாரு.

மாட்டலாம். ஆனா நேரா மாட்ட முடியாது. இதுல இருந்து வருத சத்தம் ரொம்பப் பொடிசு, கம்ப்யூட்டர் ஸ்பீக்கருக்குப் பத்தாது. நடுவுல ஒரு குட்டிப் பெட்டி வேணும். ப்ரீ-ஆம்ப்னு சொல்லுதாவ. பழைய காலத்து ஆம்ப்ளிபயர்னா அது உள்ளயே இருக்கும். அம்புட்டுதான் விசயம். உங்களுக்கு ரெண்டு நிமிசத்துல சொல்லிட்டேன் பாத்தியளா. எனக்கு ஏழு மாசம் ஆச்சு. தையில ஆரம்பிச்சது, ஆடியில முடிஞ்சது. இம்புட்டுக்கும் அந்த ஆம்ப்ளிபயர் பத்தடி தூரத்துல இருந்தது. இந்தச் சுவர் இருக்குல்லா, இதுக்கு அந்தப் பக்கம்.

இது அப்பா கட்டின சுவர் இல்ல. முன்ன இது ஒரே பட்டாசல். அந்தக் கோடி வரைக்கும் நீளமாக் கெடக்கும், நூறு பேர உக்கார வச்சு இலை போடலாம். பாகம் பிரிச்சப்பம் நடுவுல எழுப்பினது இந்தச் சுவர். அந்தப் பக்கம் என் தம்பி. குற்றாலலிங்கம்னு பேரு, குத்தாலம்னுதான் கூப்பிடுதது. பன்னெண்டு வருசமாப் பேச்சு கெடையாது.

நிலம், வீடு எதுலயும் எங்களுக்குச் சண்ட வரல, கேட்டுக்கிடுங்க. பாத்திரம் பண்டத்துல கூட வரல. இந்த செட்டுலதான் வந்தது. பிளேயர், ஆம்ப்ளிபயர், ரெண்டு ஸ்பீக்கர் பெட்டி, ஒரு பீரோ நெறைய ரிக்கார்டு. மூணு பேரும் எனக்குத்தான்னு நின்னோம். நான் மூத்தவன், எனக்குத்தான வரணும்? எங்க தாய்மாமா நடுவுல உக்காந்திருந்தாரு. வெத்தலையத் துப்பிட்டு வந்து, 'பிள்ளைய மூணு, சாமான் மூணு, ஆளுக்கு ஒண்ணு, சீட்டுப் போடு'ன்னாரு. மூணு துண்டுச் சீட்டு சொம்புக்குள்ள போட்டாவ. எனக்குப் பிளேயர். குத்தாலத்துக்கு ஆம்ப்ளிபயரும் ஸ்பீக்கரும். தங்கச்சி ஆவுடைக்கு ரிக்கார்டு பூரா. சபையில எல்லாரும், ஆமா ஆமா, ஒருத்தருக்கும் மனத்தாங்கல் இல்லாமப் போச்சுன்னு எந்திரிச்சாவ. ஒரு சைக்கிள மூணா அறுத்து ஆளுக்கு ஒரு துண்டு குடுத்த மாதிரி இருக்கு. இதுக்குப் பேரு நியாயமாம்.

அதோட விட்டிருந்தாலும் சரி. குத்தாலம் ஒரு பேச்சுப் பேசினான். 'அண்ணன் தட்டச் சும்மா சுத்த விட்டுப் பாத்துக்கிட்டு இருக்கட்டும்'ன்னான். சபை முழுக்கச் சிரிச்சுது தம்பி. மாமா சிரிச்சாரு. பத்திரம் எழுத வந்தவன் சிரிச்சான். இந்தா தண்ணி கொண்டாந்து வைக்காளே, இவளும் சிரிச்சா. அடுக்களை வாசல்ல நின்னு முந்தானைய வாயில பொத்திக்கிட்டு. பாக்கலன்னு நெனச்சா. நான் பாத்தேன்.

என்ன செம்பகம்? சொன்னா என்ன? தம்பி யாரோ எவரோ, நாளைக்குத் தூத்துக்குடி போயிருவாரு. நீ போயி உக்காரு.

அன்னைக்கு நிறுத்தினதுதான் பேச்சு. அவன் புள்ள கல்யாணத்துக்குப் பத்திரிகை வச்சான், நான் போகல. செம்பகம் போனா. போகக்கூடாதுன்னு நான் சொல்லல. ஆனா ஒண்ணு கேட்டுக்கிடுங்க, தெனமும் காலையில ஆறு மணிக்கு அவன் ரேடியோவ அந்த ஆம்ப்ளிபயர்ல சொருகி நாதஸ்வரம் வைப்பான். எங்க அப்பா ஸ்பீக்கரு. சுவர் என்ன சுவர், ஒத்தச் செங்கச் சுவர். எனக்குக் கேக்கணும்னே வைப்பான். இவ சொல்லுதா, அவன் அப்பா காலத்துல இருந்தே அப்படித்தான் வைக்கான்னு. இவளுக்கு என்ன தெரியும்.

நான் சொல்ல வந்தது ஆவுடை கதை.

ஆவுடை எங்க கடைக்குட்டி. ஆவுடையம்மா. எனக்கும் அவளுக்கும் ஆறு வயசு வித்தியாசம். எழுவத்தி ஆறுல எங்க தெரு அம்மன் கோயில்ல கும்பாபிஷேகம் வந்தது. கோயில் கமிட்டிக்காரங்களுக்கு ஒரு ரிக்கார்டு போடணும்னு ஆச. ஒரு பக்கம் நாதஸ்வரம், மறுபக்கம் அம்மன் மேல ஒரு பாட்டு. அந்தப் பாட்டப் பாடினது ஆவுடை. பதினாலு வயசு, ரெட்டச் சடை. அப்பாவும் குத்தாலமும் அவள மெட்ராசுக்குக் கூட்டிட்டுப் போயி பாட வச்சுக் கூட்டிட்டு வந்தாவ. எனக்கு அப்பந்தான் டெலிபோன்ல வேலை கெடச்சிருந்தது, லீவு தர மாட்டாவ. முந்நூறு ரிக்கார்டு அடிச்சாங்க. சின்ன ரிக்கார்டு, மூணு நிமிசம் ஓடும். அந்த முந்நூறும் எங்க போச்சோ. இப்பம் மிச்சம் இருக்கது ஆவுடைகிட்ட ஒண்ணே ஒண்ணு.

அதுக்குப் பெறவு அவ பாடலையான்னு கேக்கியளோ? பாடல. ரேடியோ நிலையத்துல இருந்து ஒரு கடுதாசி வந்தது, குரல் பாக்கணும், வாங்கன்னு. நான்தான் அப்பாகிட்ட சொன்னேன். வேண்டாம்ப்பா, நாளைக்கு மாப்பிள்ள வீட்டுக்காரன் ஒரு சொல்லு சொல்லிட்டா என்ன செய்யன்னு. குத்தாலம் குதிச்சான். சம்பாதிக்கது நான், அவன் என்னத்தக் குதிக்க. அவ நல்லதுக்குத்தான சொன்னேன்? நல்ல எடத்துல கெட்டியும் குடுத்தோம், பாளையங்கோட்டையில வாத்தியாரு வீடு. ஒரு கொறையும் கெடையாது. அவளும் ஒரு நாள் கூட அதப்பத்தி என்கிட்ட கேட்டதில்ல. அவளே விட்டுட்டா.

போன கார்த்திகையில அவளுக்கு ஒரு காய்ச்சல் வந்து, வலது காது சுத்தமாப் போயிட்டு. எடது காது ஏற்கனவே அரைக் காது. டாக்டர் என்ன சொன்னாருன்னா, இதுவும் பைய எறங்கும், எம்புட்டு நாள்னு சொல்ல முடியாது, ஆறு மாசம் கேட்டா அதிகம்னாரு. காதுல வைக்க மெஷின் குடுத்தாங்க. அது பேச்சுக்குத்தான் ஆவும், பாட்டுக்கு ஆவாதாம், விசில் அடிக்காம்.

தைப் பொங்கல் கழிஞ்சு மறுவாரம் வந்தா. அங்கனதான் உக்காந்தா, நீங்க இருக்க எடத்துல. காப்பி குடிச்சா, ஊர்க் கதையெல்லாம் பேசினா. போகையில என் கையப் பிடிச்சுக்கிட்டுச் சொன்னா: "அண்ணே, காது போறதுக்குள்ள என் குரல ஒரு தடவ கேட்டுறணும்."

அவ அப்படி ஒண்ணு கேட்டதே கெடையாது தம்பி. அறுவத்தோரு வயசுல மொத மொதலா ஒண்ணு கேக்கா. நான் செய்யாம இருப்பனா? அடுத்த வாரமே கேக்கலாம் போன்னு சொல்லி அனுப்பினேன். ஸ்பீக்கர்ல கேட்டா அவ காதுக்குப் பத்தாது. பெரிய ஹெட்போனா, காத முழுசா மூடுதது வாங்கி, அதுல கேக்க வச்சிரணும்னு நெனச்சேன். நாப்பது வருசம் எக்ஸ்சேஞ்சுல வயருக்குள்ளயே கெடந்தவன் நான். இந்த ஊருல பாதிப் பேரு பேசினது என் கையி முறுக்கின வயர் வழியாத்தான். ஒரு பிளேயர ஒரு ஸ்பீக்கர்ல சேக்கதுக்கு நான் ஒருத்தன்கிட்ட போயி நிக்கணுமா?

மக கல்யாணமாகிப் போகையில விட்டுட்டுப் போன கம்ப்யூட்டர் இருக்கு, அதுக்கு ரெண்டு ஸ்பீக்கர். ஞானதுரை கடையில ரெண்டையும் சேக்குத வயர் வாங்கினேன். சோதிச்சுப் பாக்க ஒரு பழைய ரிக்கார்டும் அவர்கிட்டயே இரவல் வாங்கினேன். வீட்டுக்கு வந்து பிளேயர் வயரப் பாத்தா, செவப்புப் பின்னு ஒண்ணு, வெள்ளைப் பின்னு ஒண்ணு, கூட மெல்லிசா ஒரு பொடி வயரு தனியாத் தொங்குது. அத மாட்டதுக்கு ஸ்பீக்கர்ல எங்கயும் எடம் கெடையாது. வேண்டாத வயருன்னு நறுக்கி எறிஞ்சிட்டேன்.

மாட்டி ஊசிய வச்சா, ம்ம்ம்னு இரையுது. அந்த இரைச்சலுக்கு அடியில எங்கயோ கொசு பாடுத மாதிரி ஒரு பாட்டு. வால்யூமக் கூட்டினா இரைச்சல்தான் கூடுது. ஹெட்போன நேரா மாட்டினா அந்தக் கொசுவும் செத்துப் போச்சு. ஸ்பீக்கர்தான் கோளாறுன்னு வேற ஸ்பீக்கர் வாங்கினேன். அதுலயும் அப்படித்தான். வயர் கோளாறுன்னு வயர மாத்தினேன். ஊசிய மாத்தினேன், பெல்ட்ட மாத்தினேன். மாசி முழுக்கப் போச்சு. செம்பகம் கடையில கேளுங்க, கேளுங்கன்னா. எனக்குத் தெரியாதது அவனுக்கு என்ன தெரியும்னு நான் கேக்கல.

பெறவு கேட்டேன். ஞானதுரைதான் சொன்னாரு, நடுவுல பெட்டி வேணும்னு. அந்தப் பொடி வயரு எங்கன்னு கேட்டாரு. நறுக்கிட்டேன்னேன். 'அண்ணாச்சி, அது எர்த்து வயருலா? டெலிபோன்காரரு நீங்களே எர்த்த நறுக்கலாமா'ன்னு சிரிச்சாரு. கடையில நாலு பேரு நின்னாங்க. எனக்கு எப்படி இருக்கும்? பதினஞ்சு நாள் அந்தக் கடைப் பக்கமே போகல.

திரும்பிப் போனப்பம் இன்னொண்ணு கேட்டாரு. 'இந்த செட்டுக்குன்னு ஒரு ஆம்ப்ளிபயர் இருந்திருக்கணுமே, அதுல எல்லாம் உள்ளயே இருக்குமே, ஹெட்போன் மாட்டக்கூட எடம் இருக்குமே. அது இருந்தா இன்னைக்கே கேட்டுறலாம்'னாரு. எரிஞ்சு போச்சுன்னுட்டேன். எப்பம்னாரு. ரொம்ப நாளாச்சுன்னேன். மறுநா காலையில ஆறு மணிக்கு அது அந்தப் பக்கம் நாதஸ்வரம் வாசிக்கு. நான் பல்லு வெளக்கிக்கிட்டு நிக்கேன்.

மதுரையில ஒருத்தர் ரிக்கார்ட செல்போன்ல ஏத்திக் குடுப்பாராம். ஞானதுரை அதுவும் சொல்லிப் பாத்தாரு. ஆவுடை குடுக்க மாட்டேன்னுட்டா. இருக்கது ஒண்ணு, போற வழியில ஒடஞ்சிட்டா? அதுல அவ சொன்னது சரிதான்.

பங்குனியில ஒரு நா காலையில கதவத் தொறக்கேன், நடையில ஆம்ப்ளிபயர் இருக்கு. மேல ஒரு துண்டு போட்டு மூடி, வயரச் சுத்தி அழகா மேல வச்சிருக்கு. ஆவுடைதான் அவன்கிட்ட சொல்லியிருக்கா. சரி, கொண்டாந்த மனுசன் கதவத் தட்டணுமா இல்லையா? ஒரு வார்த்த சொல்லணுமா இல்லையா? பால் பாக்கெட்டு போடுத மாதிரி நடையில வச்சிட்டுப் போனா என்ன அர்த்தம்? பிச்சையா?

செம்பகத்தக் கூப்பிட்டு, எடுத்த எடத்துலயே கொண்டு வைன்னேன். அவ அசையல. 'ஒரு மணி நேரந்தானங்க, கேட்டுட்டுத் திருப்பிக் குடுத்துருவோம்'னா. முடியாதுன்னேன். அப்பம் அவ ஒண்ணு சொன்னா. "ஆவுடை காது உங்க ரெண்டு பேரு ரோசத்துக்காக நிக்குமா?" நானே தூக்கிட்டுப் போயி அவன் வாசல்ல வச்சிட்டு வந்தேன். பதினஞ்சு கிலோ இருக்கும். ஒரு வாரம் இடுப்பு பிடிச்சுக்கிட்டு.

அன்னைக்குச் சாயங்காலம் ஆவுடை போன் பண்ணினா. கோவமா இல்ல, சிரிச்சுக்கிட்டுத்தான் பேசினா. 'நீ அங்க போவ வேண்டாம், அவன் இங்க வர வேண்டாம். சுவருல ஒரு ஓட்டையப் போட்டு வயர மட்டும் அந்தப் பக்கம் விடு, அது போயிப் பேசிக்கிடட்டும்'னா. எனக்கு வந்த கோவத்துல போன வச்சிட்டேன்.

யோசிச்சுப் பாருங்க தம்பி. நான் இங்க அவளுக்காக ராப்பகலாக் கெடந்து அல்லாடுதேன். அவளுக்கு வெளையாட்டா இருக்கு.

பெட்டிக்கு மெட்ராசுக்கு எழுதிப் போட்டாச்சு. சித்திரையில ஒரு பெட்டி வந்தது. மாட்டினா காட்டுக் கத்தலாக் கத்துது. மைக்குக்கு உள்ள பெட்டியாம், மாத்தி அனுப்பிட்டான். அதத் திருப்பி அனுப்பி, சரியான பெட்டி வைகாசியில வந்தது. கூட அதுக்குக் கரண்டு குடுக்குத அடாப்டர் இல்ல. ஞானதுரை வார வரைக்கும் இருக்க முடியாம, வீட்டுல கெடந்த ஒரு அடாப்டர மாட்டினேன். பொகஞ்சு போச்சு. மறுபடி எழுதிப் போட்டோம். ஆனித் தேரோட்டம் வந்துட்டு, ரத வீதியில வண்டியே போகல, பார்சல்காரன் ஜங்ஷன்லயே போட்டுட்டான். ஒவ்வொண்ணா இப்படி. எல்லாம் ஒண்ணாச் சேந்து என்னத்தான் பழி வாங்கணும்னு நின்னுது.

நடுவுல வாரத்துக்கு ஒரு தடவ அவளுக்குப் போன் பண்ணுவேன். சித்திரையில நல்லாத்தான் பேசினா. வைகாசியில, ஆ? ஆ?ன்னு கேக்க ஆரம்பிச்சா. லைன் சரியில்லன்னு நெனச்சேன். ஆனியில பேசினா, நான் ஒண்ணு சொல்ல அவ ஒண்ணு சொல்லுதா. அவ மாப்பிள்ள போன வாங்கி, 'நான் சொல்லிக்கிடுதேன் அத்தான்'னாரு. எங்க காலத்துல ஒரு லைன இப்படி விட்டிருப்போமா? நேரா எக்ஸ்சேஞ்சுக்கே போயி சத்தம் போட்டுட்டு வந்தேன். அங்க இருக்க பையங்களுக்கு ஒண்ணும் தெரியல. லைன் நல்லாத்தான் இருக்குங்கான்.

ஆடி பொறந்து பெட்டி வந்தது. சரியான பெட்டி, சரியான அடாப்டர். நறுக்கின எர்த்து வயருக்கு ஒரு துண்டு ஒட்டுப் போட்டு, பெட்டிக்குப் பின்னால ஒரு திருகு இருக்கு, அதுல முடிஞ்சேன். பிளேயர்ல இருந்து பெட்டிக்கு, பெட்டியில இருந்து ஸ்பீக்கருக்கு. ஸ்பீக்கர் முகப்புலயே ஹெட்போன் மாட்ட எடம் இருக்கு, அதுல ஹெட்போன். இரவல் ரிக்கார்ட வச்சு ஊசிய எறக்கினேன்.

என்னன்னு சொல்ல. தபேலாக்காரன் வெரல் தோல்ல பட்டு வழுக்குததுகூடக் கேட்டுது. இரைச்சல்னு ஒரு பொட்டு கெடையாது. எங்க அப்பா ஆம்ப்ளிபயர்ல இம்புட்டுத் தெளிவாக் கேட்டிருக்காது. அவனோடது இல்லாமயே செஞ்சு முடிச்சிட்டேன், பாத்தியளா. அன்னைக்கு நான் ரெண்டு பங்கு சோறு தின்னேன், இவகிட்ட கேளுங்க.

புதங்கிழமை காலையில ஆவுடைய வரச்சொன்னேன். மாப்பிள்ள பஸ் ஏத்தி விட்டிருக்காரு, பத்து மணிக்கெல்லாம் வந்துட்டா. ரிக்கார்ட ஒரு பட்டுத் துணியில சுத்தி, நெஞ்சோட அணைச்சுக் கொண்டாந்தா. நல்ல சேலை கட்டியிருந்தா, தல நெறையப் பூ. அன்னைக்கு அவ வாய் ஓயவே இல்ல தம்பி. வந்ததுல இருந்து அவளேதான் பேசுதா. மாப்பிள்ள ரெண்டு வார்த்த பேச விட மாட்டேங்காருங்கா, பேரன் பள்ளிக்கூடத்துல பரிசு வாங்கினாங்கா. நான் கேட்டதுக்குப் பதில் சொல்லாம வேற எதையோ சொல்லுதா. சந்தோசத்துல இருக்கா, சின்ன வயசுலயே அப்படித்தான்னு நான் விட்டுட்டேன். செம்பகந்தான் அவ முகத்தையே பாத்துக்கிட்டு நின்னா.

ஆவுடைய இங்கன உக்கார வச்சேன். ஹெட்போன நானே மாட்டி விட்டேன், பூ நசுங்காம. மெஷினக் கழத்திட்டுத்தான் போடணும்னு ஞானதுரை சொல்லியிருந்தாரு. கழத்தி மடியில வச்சுக்கிட்டா. ரிக்கார்ட எடுத்து வச்சு, தட்டச் சுத்த விட்டேன். ஊசியில லேசாத் தூசி இருந்தது. ஊசிக் கையத் தூக்கிப் பிடிச்சுக்கிட்டு, குனிஞ்சு பைய ஊதினேன்.

"நல்லாக் கேக்குண்ணே. நான்தான். நான்தான் பாடுதேன்."

நிமுந்து பாக்கேன். சுத்துத தட்டையே பாத்துக்கிட்டு இருக்கா. கண்ணு ரெண்டுல இருந்தும் தண்ணி வடியுது. தாளத்துக்குத் தலைய ஆட்டுதா. செம்பகம் என்னப் பாக்கா. ஊசி என் கையில இருக்கு தம்பி. நான் இன்னும் எறக்கவே இல்ல.

என்ன செய்யச் சொல்லுதிய? பைய எறக்கினேன். மூணு நிமிசம் ஓடிச்சு. ஹெட்போன மாட்டிட்டா ஸ்பீக்கர்ல சத்தம் வராது. அதனால எனக்கும் கேக்கல, செம்பகத்துக்கும் கேக்கல. ஊசி உரசுத சத்தம் மட்டும் ஈ பறக்குத மாதிரி கேட்டுது. அந்தப் பாட்டு அன்னைக்கு இந்த வீட்டுல ஓடிச்சு, ஒருத்தர் காதுலயும் விழல. முடிஞ்சு நான் ஊசியத் தூக்கின பெறவும் அவ தலைய ஆட்டிக்கிட்டுத்தான் இருந்தா. கொஞ்ச நேரம் கழிச்சு நானே ஹெட்போன எடுத்தேன்.

என் கையப் பிடிச்சுக் கண்ணுல ஒத்திக்கிட்டு, போதும்ண்ணே, ஆச தீந்துட்டுன்னா. ரிக்கார்டத் துணியில சுத்திக்கிட்டா. சாப்பிட்டுட்டுப் போன்னு செம்பகம் கையக் காட்டிச் சொன்னா, நிக்கல. போயிட்டா.

எனக்கு ஆத்தாமையாப் போச்சு தம்பி. கேக்கலன்னா கேக்கலன்னு சொல்ல வேண்டியதுதான? ஏழு மாசம் கெடந்து செஞ்சிருக்கேன், என்கிட்ட எதுக்குப் பொய்? நான் என்ன பச்சப் புள்ளையா, மிட்டாய் குடுத்து ஏமாத்த? ஏண்ணே இப்படிப் பண்ணினன்னு ரெண்டு வார்த்த திட்டியிருந்தான்னா நான் பதில் சொல்லியிருப்பேன். பெட்டிக்காரன் ஏமாத்தினது, தேரோட்டம் வந்தது, எல்லாத்தையும் எடுத்துச் சொல்லியிருப்பேன். அதுக்கு அவ எடமே குடுக்கல. இதக் கண்ணால பாக்க முடியல, அதான் விக்கேன். ஞானதுரைகிட்ட வேற காரணம் சொல்லியிருக்கேன், நீங்களும் ஒண்ணும் சொல்லிக்கிட வேண்டாம்.

பெட்டி, அடாப்டர், ஹெட்போன், எல்லாத்தையும் சேத்து எடுத்துக்கிடுங்க. ஒண்ணும் இங்க இருக்க வேண்டாம்.

அன்னைக்கு ஆவுடை போயி அரை மணி நேரம் இருக்கும். வாசல்ல நெழல் தட்டுது, பாத்தா குத்தாலம் நிக்கான். நடையில ஏறல. கீழயே நிக்கான், சட்ட கூடப் போடல, துண்டு மட்டும். ஆளு நரச்சு, சுருங்கிப் போயிட்டான். பக்கத்து வீட்டுல இருக்கவன், நான் அவன நேராப் பாத்தே ரொம்ப நாளாச்சு. பன்னெண்டு வருசத்துக்குப் பெறவு வாயத் தொறக்கான். "ஆவுடை கேட்டாளாண்ணே?"

நான் கதவச் சாத்திட்டேன்.

மூணு வாரம் ஆச்சு. அன்னையில இருந்து அவன் காலையில ரேடியோ வைக்கல. ஆறு மணிக்கு முழிச்சுக் கெடக்கேன், சுவருக்கு அந்தப் பக்கம் ஒரு சத்தம் கெடையாது. நான் சொல்லட்டும்னு உக்காந்திருக்கான்னு நெனைக்கேன். செம்பகம் போயிச் சொல்லுதேங்கா, நான் விடல. என்னன்னு சொல்லுவா? ஆவுடை கேட்டான்னு சொன்னா பொய்யி. கேக்கலன்னு சொன்னா, அவன் ஜெயிச்சதா ஆயிரும்லா தம்பி?